கலியாணப் பந்தலில் எத்தனை பாட்டில்?

கலியாணம் நிச்சயமானதும் வீட்டில் ஜாபிதா எழுத உட்காருகிறார்கள். அரிசி எத்தனை மூட்டை, பருப்பு எத்தனை கிலோ, வாழையிலை எத்தனை கட்டு, பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து விட்டுப்போனதை எடுத்துச் சொல்கிறார்கள். பத்துத் தேங்காய் கூடுதலா குறைவா என்பதற்குக்கூட அங்கே விவாதம் நடக்கிறது.

ஆனால் அந்த ஜாபிதாவில் ஏறாத செலவு ஒன்று இருக்கிறது. அதைப் பெண்கள் இல்லாத இடத்தில், திண்ணையிலோ டீக்கடை ஓரத்திலோ ஆண்கள் மட்டும் பேசி முடிக்கிறார்கள்.

“வரவேற்பு ராத்திரிக்கு எத்தனை பெட்டி எடுக்கலாம் மச்சான்?”

“ஆளுக்கு ஒரு குவார்ட்டர் போட்டுருங்க மாமா. கொஞ்சம் கூடவே இருக்கட்டும். குறைஞ்சா சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி நம்ம மானம் போயிடும்.”

இவ்வளவுதான் பேச்சு. பத்துத் தேங்காய்க்குக் கால் மணி நேரம் விவாதித்த குடும்பம், நாலைந்து மாதக் கூலியை இரண்டு வார்த்தையில் தீர்த்துவிடுகிறது. இதைத்தான் இந்த வாரம் பேச வேண்டும் என்று நினைக்கிறோம். பஞ்சாலைக் காலனியிலும் விவசாயத் தொழிலாளர் குடியிருப்பிலும் இன்று கலியாணக் கடனின் ஒரு பெரிய பங்கு, ஜாபிதாவில் எழுதப்படாத இந்தச் செலவிலிருந்துதான் வருகிறது.

குடிப்பவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. “கூலிக்காரனா? குடிகாரன்தான்” என்று சொல்லிக் கூலி உயர்வு கேட்கும் வாயை அடைப்பவர்கள் நாட்டில் நிறைய உண்டு. அந்தக் கூட்டத்தோடு நமக்கு உறவில்லை. பணக்காரன் நட்சத்திர ஓட்டலில் லைசென்சோடு குடிக்கிறான். அதற்குப் பெயர் நாகரிகம். உழைப்பாளி குடித்தால் அதற்குப் பெயர் ஒழுக்கக் கேடு. இந்த இரட்டைத் தராசை நாம் ஏற்கவில்லை. நாம் இங்கே பார்க்கப்போவது ஒழுக்கத்தை அல்ல, கணக்கை.

ஆளுக்கு ஒரு குவார்ட்டர்

ஒரு சாதாரணக் கலியாணத்தை எடுத்துக்கொள்வோம். வருபவர்கள் 400 பேர். பாதிப் பேர் பெண்கள். மீதி 200 பேரில் சிறுவர்களும் இளைஞர்களுமாக 50 பேர் 21 வயது நிரம்பாதவர்கள். அவர்களுக்கு மது விற்பதைத் தமிழ்நாட்டில் சட்டமே தடுக்கிறது. ஆக வயது வந்த ஆண்கள் 150 பேர்.

திண்ணையில் போட்ட கணக்குப்படி 150 குவார்ட்டர். “கைக்காவலாக” இன்னும் கொஞ்சம். குவார்ட்டர் 48 கொண்டது ஒரு பெட்டி. ஆகவே நாலு பெட்டி, 192 பாட்டில். விலை ரகத்துக்குத் தகுந்தபடி மாறும். கணக்குக்காகக் குவார்ட்டர் 150 ரூபாய் என்று வைத்தால் 28,800 ரூபாய். “பசங்க பீர் கேப்பாங்க” என்று பன்னிரண்டு பாட்டில் பெட்டியில் நாலு. பாட்டில் 180 ரூபாய் என்று வைத்தால் 8,640. சோடா, தண்ணீர், டம்ளர், மிக்சர், கோழி வறுவல் என்று ஒரு 7,500. கூட்டிப் பாருங்கள்: ஏறக்குறைய 45,000 ரூபாய்.

இனி வேறொரு கணக்கு. வந்திருக்கும் 150 பேரில் குடிப்பவர் எத்தனை பேர்? மத்திய சர்க்கார் 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் மது அருந்துவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 25 பேர் அளவுதான். நாலு ஆண்களில் ஒருவர். கேட்கும்போது மறைத்தவர்களும் இருப்பார்கள். சரி, இரட்டிப்பாகவே வைப்போம். அப்போதும் 150 பேரில் 75 பேர்தான். மற்ற 75 பேர் வாயில் வைக்காதவர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் நாம் பாட்டில் வாங்கியிருக்கிறோம்! அவர்கள் பங்கை யார் குடிப்பது? ஏற்கெனவே ஒரு பாட்டிலை முடித்தவர்தான் குடிப்பார். வாடகைப் பாத்திரம் போல மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கு முடிக்கிற சரக்கல்ல இது. இருக்கும் வரைக்கும் ஓடும். விடிந்த பிறகும் ஓடும்.

அந்த 75 பேருக்கும் ஒரு “கட்டிங்”, அதாவது குவார்ட்டரில் பாதி, 90 மில்லி என்று வைத்தால் வேண்டியது 38 பாட்டில். ஒரு பெட்டிகூட நிறையாது. 5,700 ரூபாய். தாகத்தின் கணக்கு 5,700. நாம் செலவு செய்வது 45,000. நடுவில் இருக்கிற 39,300 ரூபாய் எதற்கு? “குறைந்தால் என்ன சொல்வார்களோ” என்ற பயத்துக்கு. நாம் வாங்குவது மதுவைவிடப் பயத்தைத்தான் அதிகம்.

எத்தனை நாள் கூலி?

ரூபாயாகச் சொன்னால் மனதில் தைப்பதில்லை. நாள் கூலியாகச் சொல்லிப் பார்ப்போம்.

நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தக் கூலி முழுதாகக் கைக்கு வந்தது என்றே வைப்போம். 45,000 ரூபாய் என்பது 134 நாள் கூலி. வருடத்துக்கு நூறு நாளும் தவறாமல் வேலை கிடைத்தாலும் ஒரு குடும்பத்துக்கு வருவது 33,600 ரூபாய்தான். ஆக, ஒரு வருடம் முழுவதும் ஏரி வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் மண் சுமந்த கூலி அந்த ஒரு ராத்திரிக்குப் போதவில்லை! இன்னும் 34 நாள் சுமக்க வேண்டும். இரண்டு குவார்ட்டர் வாங்கினால் ஒரு நாள் கூலி ஏறக்குறையத் தீர்ந்துபோகிறது. பந்தலுக்குப் பின்னால் காலி பாட்டில்களை எண்ணுகிறவன் உண்மையில் நாட்களை எண்ணுகிறான்.

அந்தப் பணம் கையில் இருந்த பணமா? பெரும்பாலும் கடன். ஐந்து வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு 5 ரூபாய்க்கு வாங்கினால், 45,000 ரூபாய்க்கு மாத வட்டி 2,250. மாதத்தில் ஏறக்குறைய ஏழு நாள் கூலி வட்டிக்கு மட்டும் போகிறது. வருடம் முடிந்தால் 27,000 ரூபாய் கட்டியிருப்போம். அசல் அப்படியே நிற்கும். அநியாய வட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார்.

இதே 45,000 ரூபாயில் வந்த 400 பேருக்கும், பெண்களும் குழந்தைகளும் உட்பட, இலைக்கு 100 ரூபாய் வைத்து நிறைவாகச் சோறு போடலாம். அப்போதும் 5,000 ரூபாய் மிஞ்சும்.

பாட்டிலுக்குள் இருப்பது

அளவு போடுகிறவர்கள் பாட்டிலை எண்ணுகிறார்களே தவிர, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பிராந்தி, ரம், விஸ்கி எதுவானாலும் சீட்டில் 42.8 என்று போட்டிருக்கும். நூறு பங்கில் கிட்டத்தட்ட 43 பங்கு சுத்தமான சாராயச் சத்து என்று அர்த்தம். 180 மில்லி குவார்ட்டரில் அது 77 மில்லி. எடையில் 60 கிராம். மருத்துவர்கள் 10 கிராமை ஓர் அளவு என்று கணக்கிடுகிறார்கள். ஆக, ஒரு குவார்ட்டர் ஆறு அளவு.

“பீர்தானே, அதில் என்ன இருக்கிறது?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 650 மில்லி சாதாரண பீரில், நூற்றுக்கு 5 என்று வைத்தால், 25 கிராம் சாராயச் சத்து இருக்கிறது. நூற்றுக்கு 8 வரை போகிற ஸ்ட்ராங் பீரில் 40 கிராம். ஒரு கட்டிங்கில் இருப்பது 30 கிராம். அதாவது ஒரு ஸ்ட்ராங் பீர் பாட்டில் ஒரு கட்டிங்கைவிடப் பலமானது. பெட்டி பீர் வாங்கி வைத்தவர் குடியைக் குறைத்துவிட்டதாக நினைத்தால் அது தப்புக் கணக்கு.

உடம்பு இதைக் கழிப்பது மெதுவாக. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஓர் அளவு. ராத்திரி 10 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவருடைய ரத்தத்தில் விடியற்காலை 4 மணிக்கும் மது இருக்கும். முகூர்த்தம் 6 மணிக்கு. பெண் வீட்டாரை ஏற்றிவரப் போகிற வேன் ஓட்டுகிறவர் அவர்! மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். நடுத்தர எடையுள்ள ஓர் ஆள் 60 மில்லி குடித்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தோடு போனால் அதிர்ஷ்டம். கலியாண வேன் கவிழ்ந்தது என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. வாங்கியது தீர்ந்ததும், கடை மூடிய பிறகு, “எங்கேயாவது கிடைக்கும், பார்த்து வாங்கி வாடா” என்று நடுராத்திரியில் பையனை அனுப்புகிறார்கள். கள்ளத்தனமாக விற்பவனிடம் கிடைப்பது என்ன சரக்கு என்று யாருக்குத் தெரியும்? 2023 மே மாதம் மரக்காணம் வட்டாரத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெதனால் கலந்த சாராயம் 20க்கும் மேற்பட்ட உயிரைக் குடித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். செத்தவர்களில் மிகப் பலர் கூலிக்குப் போய்ப் பிழைத்தவர்கள்.

யார் கொடுக்கிற பணம்?

குடிப்பவர்கள் ஆண்கள். கொடுப்பவர்கள் யார்?

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் பல பஞ்சாலைகள் “சுமங்கலித் திட்டம்” என்ற பெயரில் என்ன செய்தன என்பது நூல் மில்லில் வேலை செய்கிற தோழர்களுக்குத் தெரியும். கலியாணமாகாத இளம் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்து, மில் விடுதியிலேயே தங்க வைத்து, குறைந்த கூலிக்கு ஷிப்டு ஷிப்டாக வேலை வாங்கினார்கள். மூன்று வருடம் முடிந்தால் கலியாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். 30,000, 40,000, 50,000 என்று பேசப்பட்ட தொகை அது. இடையில் காய்ச்சலோ காயமோ வந்து வீடு திரும்பிய பெண்ணுக்கு அதுவும் கிடைக்காமல் போன கதைகள் ஏராளம்.

இப்போது அந்தத் தொகையைத் திண்ணையில் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்சுத் தூசியைச் சுவாசித்து, வெளியுலகம் பாராமல், ஒரு பெண் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று தன் வயதில் மூன்று வருடத்தைக் கொடுத்துச் சேர்த்தது 45,000 ரூபாய். அவளுடைய கலியாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, அவள் எட்டிப் பார்க்கவும் முடியாத ஓர் இடத்தில் தீர்ந்துபோகிறது 45,000 ரூபாய். அந்தப் பெண்ணிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அவளுடைய அம்மாவிடம் கேட்டார்களா?

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் சுயஉதவிக் குழுவில் தவணை கட்ட வேண்டியவளும் அந்த அம்மாதான். நுண்கடன் கம்பெனிக்காரன் வந்து உட்கார்ந்தால் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். பாட்டிலுக்கு வாங்கிய கடன் பெண்ணின் பெயரில் இருக்கிறது; பாட்டில் எத்தனை என்று தீர்மானிக்கும் இடத்தில் பெண் இல்லை. அநியாயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சொல்லப்படும் சமாதானங்கள்

“கலியாணத்தில் குடிப்பது நம் பாட்டன் காலத்து வழக்கம்தானே” என்கிறார்கள். பாட்டன் குடித்தது கள். அது உள்ளூர் மரத்தில் உள்ளூர்க்காரர் இறக்கியது. நூற்றுக்கு நாலைந்து பங்கு சாராயச் சத்து உள்ளது. அதற்காகப் பாட்டன் ஐந்து வட்டிக்குக் கடன் வாங்கவில்லை. அந்தக் கள்ளையும் 1987 முதல் தமிழ்நாட்டில் தடுத்துவிட்டார்கள். அதைவிட எட்டு ஒன்பது மடங்கு பலமுள்ள, சீல் வைத்த பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு பாட்டன் பெயரைச் சொல்வது நியாயமா?

“குடித்தால்தான் மொய் நன்றாக எழுதுவார்கள்” என்று இன்னொரு வாதம். மொய் வரவு அல்ல தோழர்களே, அது கடன். இன்று 500 எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு நாளை 500க்குக் குறையாமல் எழுதியாக வேண்டும். பல ஊர்களில் கூட்டியே எழுத வேண்டும். 150 ரூபாய் பாட்டிலைக் கொடுத்து 500 ரூபாய் மொய் வாங்கினால் 350 லாபம் என்று நினைப்பவர், 500 ரூபாய் கடனை மறந்துவிடுகிறார். தான் கொடுத்த பாட்டிலுக்கும் அவரே சொந்தக் கையால் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது வாதம்தான் உண்மையானது. அது கௌரவம். “போன மாதம் அவன் வீட்டில் நாலு பெட்டி இறங்கிற்று, நாம் ஒன்றுமில்லாமல் நடத்தினால் ஊர் சிரிக்காதா?” இந்த வாதத்தைக் கேலி செய்வதில் பயனில்லை. காலம் காலமாகக் கைகட்டி நிற்க வைக்கப்பட்ட உழைப்பாளிக்கு, ஒரு நாளாவது நிமிர்ந்து நின்று நாலு பேரை உபசரிக்க வேண்டும் என்ற ஆசை இயற்கையானது. அந்த ஆசையை மதிக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு நாள் நிமிர்ந்ததற்காக அடுத்த இரண்டு வருடம் வட்டிக்காரனிடம் குனிந்து நிற்க நேர்கிறதே! அப்படிப்பட்ட கௌரவத்தால் நமக்கு என்ன பலன்?

நம் மக்கள் கலியாணச் செலவைக் குறைத்த வரலாறும் உண்டு. பல நாள் நடந்த கலியாணத்தை ஒரு நாளாக்கினோம். புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றி, நாலு பேர் முன்னிலையில் நடந்தால் போதும் என்றோம். அப்படி நடந்த திருமணம் செல்லும் என்று 1967ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. அப்போதும் “ஊர் சிரிக்கும்” என்றுதான் சொன்னார்கள். ஊர் சிரித்தது, பிறகு பழகிக்கொண்டது. முன்வாசல் வழியே புரோகிதர் செலவை அனுப்பிவிட்டுப் பின்வாசல் வழியே பாட்டில் பெட்டியை உள்ளே விடலாமா?

கல்லாப்பெட்டி யாருடையது?

கலியாண வீட்டில் மட்டும் குற்றத்தைச் சுமத்திவிட்டு ஒதுங்கிப் போவதும் நியாயமாகாது. இந்த வழக்கம் தானாக வளரவில்லை.

1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு தொடங்கியது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் எடுத்தார்கள், 1974இல் மறுபடி கொண்டுவந்தார்கள், 1981இல் மறுபடி எடுத்தார்கள். 1983இல் மொத்த விற்பனைக்கென டாஸ்மாக் என்ற சர்க்கார் கம்பெனி ஏற்பட்டது. 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடையையும் சர்க்காரே நடத்துகிறது. 2024-25ஆம் ஆண்டில் இதன்மூலம் ஆயத்தீர்வையாகவும் விற்பனை வரியாகவும் கிடைத்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். நீங்கள் பந்தலுக்கு இறக்கிய நாலு பெட்டியின் விலையில் பெரும்பகுதி இப்படி வரியாகத்தான் போகிறது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய். நம் 45,000 ரூபாய் 45 மாத உரிமைத் தொகை. மனைவியின் கணக்கில் மூன்றே முக்கால் வருடம் போட்டது ஒரே ராத்திரியில் கடைக்குத் திரும்பிவிடுகிறது.

2023ஆம் ஆண்டு இன்னொன்றும் நடந்தது. விழா நடக்கும் இடங்களில் மது பரிமாறத் தனி லைசென்ஸ் தரும் விதித் திருத்தம் ஒன்று ஏப்ரலில் வெளியே தெரிந்தது. அதில் கலியாண மண்டபங்களும் இருந்தன! நாலா பக்கமும் எதிர்ப்பு எழுந்தது. கலியாண மண்டபத்துக்கு அனுமதி இல்லை என்று சர்க்கார் பின்வாங்கியது. நல்லது. ஆனால் லைசென்ஸ் இல்லாத மண்டபத்தின் பின்கட்டிலும், பக்கத்துத் தோப்பிலும், நிறுத்திய வேனுக்குள்ளும் நடப்பது என்ன? ஒருவர் தன்னிடம் வைத்திருக்கக்கூடிய மதுவுக்குச் சட்டத்தில் அளவு உண்டு. பெட்டி பெட்டியாக ஏற்றி வருவது அந்த அளவைத் தாண்டும். போலீஸ்காரர் மடக்கினால் மாப்பிள்ளையின் மாமன் கலியாணத்தன்று ஸ்டேஷனில் உட்கார வேண்டியதுதான்.

2017 ஏப்ரலில் நெடுஞ்சாலை மதுக்கடைகள் சுப்ரீம் கோர்ட் உத்தரவால் மூடப்பட்டு, ஊருக்குள் கடை தேடி வந்தபோது, திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். போலீஸ் அதிகாரி கையால் அடியும் வாங்கினார்கள். நாடே அந்தக் காட்சியைப் பார்த்தது. ஊருக்குள் கடை வேண்டாம் என்று பெண்கள் அடி வாங்குகிறார்கள். நாமோ அந்தக் கடையையே நாலு பெட்டியாகக் கட்டி வீட்டுப் பந்தலுக்குள் கொண்டு வருகிறோம்.

என்ன செய்யலாம்?

ஒரு பாட்டிலும் வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். மதுவில் இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் பத்திரிகையில் எழுதியதும் நாளையே எல்லாப் பந்தலும் மாறிவிடாது என்பதும் தெரியும். ஆகவே நடைமுறையில் செய்யக்கூடியதைச் சொல்கிறோம்.

முதலாவது, இந்தச் செலவை ஜாபிதாவில் எழுதுங்கள். அரிசிக்கும் பருப்புக்கும் கீழே, பெண்கள் இருக்கும்போது, சத்தமாகப் படித்து எழுதுங்கள். பக்கத்தில் இத்தனை நாள் கூலி என்றும் எழுதுங்கள். கலியாணப் பெண்ணையும் அவள் அம்மாவையும் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். திண்ணையில் இரண்டு வார்த்தையில் தீர்ந்த விஷயம் அங்கே அவ்வளவு எளிதாகத் தீராது. பல வீடுகளில் அந்த வரி அங்கேயே அடிபட்டுப் போகும்.

இரண்டாவது, எவ்வளவு சொல்லியும் கேட்காத வீட்டில், தலைக்கு இவ்வளவு என்று எண்ணாதீர்கள். நிச்சயம் குடிப்பவர் யார் யார் என்று பெயர் சொல்லி எண்ணுங்கள். குவார்ட்டர் அல்ல, கட்டிங் என்று வையுங்கள். வண்டி ஓட்டுகிறவர், சமையல் பார்க்கிறவர், 21 வயது நிரம்பாதவர் பெயரை அடித்துவிடுங்கள். கைக்காவல் என்று ஒன்றும் வேண்டாம். தீர்ந்தால் தீர்ந்ததுதான், நடுராத்திரியில் யாரையும் அனுப்பக் கூடாது. வயிற்றுக்குச் சோறு போடாமல் பாட்டிலை நீட்டக் கூடாது. எந்தக் காரணத்துக்கும் கடன் வாங்கி வாங்கக் கூடாது. இப்படி எண்ணினால் நாலு பெட்டி ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். அதுவரை வந்தவர், அந்த ஒன்றும் எதற்கு என்று அடுத்த கலியாணத்தில் தானே கேட்பார்.

மூன்றாவதுதான் முக்கியமானது. இதைத் தனி வீடு தனியாகச் செய்ய முடியாது. ஒருவர் மட்டும் நிறுத்தினால் கஞ்சன் என்ற பெயர் அவருக்கு மட்டும் வரும். அடுத்த வீட்டைப் பார்த்துத்தானே ஒவ்வொரு வீடும் ஒரு பெட்டி கூட்டியது? எல்லா வீடும் சேர்ந்து நிறுத்தினால் யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. தனியாகப் போய்க் கூலி உயர்வு கேட்டவனை முதலாளி வேலையை விட்டு நிறுத்தினான். சேர்ந்து கேட்டபோது பேச்சுக்கு வந்தான். அந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. மில் காலனியில் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். விவசாயத் தொழிலாளர் குடியிருப்பில் ஊர்க்கூட்டத்தில், பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்துப் பேசுங்கள். “நம் தெருக் கலியாணத்தில் பாட்டில் இல்லை, யார் வீட்டிலும் இல்லை” என்று தீர்மானம் போடுங்கள். சம்பந்தி வீட்டார் கேட்டால் பெண்ணைப் பெற்றவர் தலை குனிய வேண்டியதில்லை. “இது எங்கள் தெருத் தீர்மானம், சம்பந்தி” என்று சொன்னால் போதும். ஒரு வீட்டுக்காரர் சொன்னால் சாக்கு என்று நினைப்பார்கள். தெருவே சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

ஆவணியில் வரிசையாக முகூர்த்தம் வருகிறது. அதற்கு முன் ஆடி மாதம் முழுவதும் நம் கையில் இருக்கிறது. கலியாணம் வைத்திருக்கிற வீடுகள் எவை என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தை அந்த மாதத்திலேயே போட்டுவிடுங்கள்.